சீரபுகுவின் வாழ்நாள் தொண்டன்

மனித குலம் இதுவரை கையில் ஏந்திய கருவிகளில், களைக்கொத்தைவிடவும் வாளைவிடவும் எழுதுகோலைவிடவும் உயர்ந்தது ஒன்று உண்டு. அது கைம்மாறு கருதாத தொண்டு. எங்கள் சீரபுகு கிராமத்தின் மாமரத்தடியில் ஒலிபெருக்கி கட்டி இதைச் சொன்னவர், மாதச் சம்பளத்தோடு வெயில்படியும் தூசிப்படியும் வாங்குகிறவர். தூசிப்படி, தார்ச்சாலை முடிகிற இடத்தில் தொடங்கும்.

அவர் பெயர் உமாரு. அகில மானுட மேம்பாட்டுப் பேரவையின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். அன்று அவருக்கு எங்கள் ஊரிலிருந்து தானாக முன்வரும் ஒரு தொண்டர் தேவைப்பட்டார். இப்படி யாராவது வந்து ஆள் கேட்டால் எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறோம். கூட்டத்துக்கு வராதவன் பெயரைச் சொல்லிவிடுவோம். வந்தவனைச் சொன்னால் மறுத்துப் பேசுவான். விருந்தாளி முன்னால் ஊர்த் தலைவருக்கு மரியாதைக் குறைவு. வராதவன் மறுத்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு வராதவன் சியாக்கா. தன் கம்பு வயலுக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தான்.

"சியாக்கா தானாக முன்வந்திருக்கிறான்" என்று தலைவர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம். சத்தம் வயல்வரைக்கும் வந்ததென்றும், யார் வீட்டிலோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்துத் தானும் ஒருமுறை தட்டியதாகவும் சியாக்கா பிற்பாடு என்னிடம் சொன்னான். நானும் அவனும் ஒரே வருஷத்தில் சுன்னத்து செய்துகொண்டவர்கள். அதனால் அவன் எதையும் என்னிடம் மறைப்பதில்லை, நானும் அவன் பெயரைச் சொன்னவர்களில் ஒருவன் என்பதை மறைக்கவில்லை.

அதன்பின் அவன் நாள் இப்படிப் போயிற்று. விடிந்ததும் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கை கழுவச் சொல்ல வேண்டும். பிறகு மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, குழந்தைகளை ஒவ்வொன்றாகத் துணித்தொட்டிலில் போட்டு எடை பார்க்க வேண்டும். குழந்தை எடை குறைந்திருந்தால் தாயிடம் "முட்டை, மீன், பழம் கொடு" என்று சொல்ல வேண்டும். முட்டை, மீன், பழம் எங்கே கிடைக்கும் என்று தாய் கேட்டால் அதற்குப் பயிற்சியில் பதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். வெயில் ஏறியதும் கை கழுவும் செயல்விளக்கம். அதற்குப் பேரவை கொடுத்த சோப்பு ஒன்று உண்டு. அது விளக்கத்துக்கான சோப்பு, நனைக்கக் கூடாது.

சைக்கிளும் கொடுத்திருந்தார்கள். அதன் கம்பியில் 'தொண்டுக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஆகவே சியாக்கா தன் வயலுக்கு நடந்து போவான். வயலுக்கு அடுத்த குடிசைக்காரரிடம் கொசுவலை பற்றிப் பேசப் போகும்போது அதே பாதையில் சைக்கிளில் போவான். ஒவ்வொரு பயிற்சிக்கும் வாசகம் அச்சிட்ட ஒரு பனியன் கிடைத்தது. காய்ச்சலைப் பற்றி ஒன்று, கழிப்பறையைப் பற்றி ஒன்று, தாய்ப்பாலைப் பற்றி இரண்டு. அவன் அப்பா இறந்தபோது இழவு வீட்டில் போட்டுக்கொள்ள எழுத்து இல்லாத சட்டை ஒன்று அவனிடம் இல்லை. வயிற்றுப்போக்குப் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றான்.

முன்பு எங்கள் ஊருக்கு ஒரு வெள்ளைக்காரத் தொண்டர் வந்திருந்தார். நல்ல பிள்ளை. அவருக்கு அவ்வப்போது மன அழுத்த விடுமுறை கொடுத்து கடற்கரைக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் இருப்பதால் வரும் அழுத்தமாம். சியாக்காவும் ஒருதரம் கேட்டுப் பார்த்தான். "உனக்கெதுக்கு? நீ இந்த ஊர்க்காரன்தானே?" என்றார் உமாரு.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது விதைப்பு. எங்கள் பக்கத்தில் நல்ல மழை ஒன்று இறங்கினால் மண் காய்வதற்குள் கம்பை விதைத்தாக வேண்டும். போன வருஷம் சரியாக அந்த ஈரத்தில் சியாக்காவை நகரத்துக்குப் பயிற்சிக்கு அழைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது வயல் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. பிறகு தாமதமாக விதைத்தது பிஞ்சிலேயே கருகிற்று. தானியக் குதிர் காலி. அந்த வருஷம் முழுக்க அவன் மனைவி சனாபாவின் அண்ணன் ஸூமானாதான் தானியம் கொண்டுவந்து கொட்டினான்.

இந்த வருஷம் மேகம் திரளத் தொடங்கியபோது ஸூமானா மறுபடி வந்தான். எங்கள் வழக்கப்படி மூன்று சுற்றுத் தேநீரையும் குடித்தான். மூன்றாவது கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், கோவிச்சுக்காத. இந்த வருஷமும் குதிரு காலின்னா தங்கச்சியையும் பிள்ளைங்களையும் நான் கூட்டிட்டுப் போயிடறேன். நீ ஊருக்குத் தொண்டு செய், நான் உன் குடும்பத்துக்குச் சோறு போடறேன். ஆனா என் வீட்டுல வெச்சுத்தான் போடுவேன்."

உள்ளேயிருந்து சனாபா குரல் கொடுத்தாள்: "ஊருக்கே கை கழுவச் சொல்லித் தர்றான்ல, இன்னும் நல்லா சொல்லித் தரச் சொல்லு அண்ணே! கழுவின கையில ஒட்டிக்கக் களிதான் இல்ல."

மறுநாளே சியாக்கா ராஜினாமா செய்ய மாவட்ட அலுவலகத்துக்குப் போனான். நானும் துணைக்குப் போனேன். சைக்கிளில் போகலாமா என்று யோசித்தோம். தொண்டிலிருந்து விலகப் போவது தொண்டில் சேருமா என்று எங்களுக்குத் தெளிவாகவில்லை. நடந்தே போனோம்.

"ராஜினாமாவா?" உமாருவின் முகம் மலர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு யாரு வேலை குடுத்தா?"

"நீங்கதான் ஐயா."

"நாங்க குடுக்கல. வேலைன்னு குடுத்தா சம்பளம்னு ஒண்ணு குடுக்கணும். குடுத்தோமா?"

"இல்லைங்க."

"அப்போ வேலையும் குடுக்கல. குடுக்காத வேலைய எப்படிப்பா திருப்பிக் குடுப்ப? உன்னை அனுப்புனது உன் நெஞ்சு. ராஜினாமாவ உன் நெஞ்சுகிட்டக் குடு."

"என் நெஞ்சு ஒத்துக்கிச்சு ஐயா."

"அது ஒருதலைப்பட்சமான முடிவு, செல்லாது." உமாரு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்னைப் பாரு. நான் நாளைக்கே விட்டுட்டுப் போகணும்னா முன்கூட்டிச் சொன்னாப் போதும், பணிக்கொடைய வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். ஏன்? என்னைக் கட்டிப் போட்டிருக்காங்க. உன்னை யாரும் கட்டவே இல்லையே! கட்டினாத்தானே அவுக்க முடியும்?"

நான் இடையில் புகுந்து, "ஐயா, இவன் ரொம்பச் சோர்ந்துபோயிருக்கான்" என்றேன். அது நான் செய்த உதவி. உமாரு நிமிர்ந்து உட்கார்ந்தார். சோர்ந்த தொண்டர்களுக்கென்றே பேரவையில் ஒரு திட்டம் இருந்தது. அதற்கு நிதி வந்திருந்தது. சோர்ந்த தொண்டர்தான் கிடைக்காமல் இருந்தார்.

சியாக்காவை அப்படியே வண்டியில் ஏற்றி நகரத்து விடுதி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். குளிர்பதன அறையில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தன் வயல் பச்சைப் பசேலென்று இருப்பதாக நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். என்ன தெரிகிறது என்று பயிற்சியாளர் கேட்டார். "என் பொண்டாட்டி வயல் நடுவுல நிக்கறா. கத்தறா" என்றான் சியாக்கா. மிகவும் ஆழமான அனுபவம் என்று பாராட்டினார்கள். ஊர் திரும்பியபோது புதிய பனியன் போட்டிருந்தான். அதன் முதுகில் 'நான் சோர்வதில்லை' என்று எழுதியிருந்தது.

"விட முடியலேன்னா தொரத்த வை" என்று நான் யோசனை சொன்னேன். மறுநாள் சியாக்கா அந்த விளக்கச் சோப்பை எடுத்து, ஊர் பார்க்கக் கிணற்றடியில் உட்கார்ந்து, தன் பனியன்கள் அத்தனையையும் துவைத்தான். சோப்பு கரைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. உமாரு மோட்டார்சைக்கிளில் வந்தபோது சியாக்கா நேராகப் போய் நின்றான்.

"ஐயா, பேரவைச் சோப்ப நான் திருடிட்டேன்."

"தீந்துபோச்சா?" உமாருவின் குரல் தழுதழுத்தது. "முழுசாத் தீந்துபோச்சா? இந்த மாவட்டத்துலயே முதல் தடவையாச் சோப்பு தீந்திருக்குப்பா! மத்த ஊருல எல்லாம் குடுத்த சோப்பு குடுத்தபடியே இருக்கு. இதத்தான்டா நடத்தை மாற்றம்னு சொல்றது!"

அந்தச் சோப்பின் செய்தி மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும் மாநிலத்திலிருந்து தலைநகருக்கும் ஏறிப் போயிற்று. பேரவையின் டைரக்டரே நேரில் வந்து சியாக்காவைக் கௌரவிப்பது என்று முடிவாயிற்று. விழா நாளைத் தலைநகரில் குறித்தார்கள். மழையை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

மழை விழாவுக்கு முந்தின சாயங்காலம் இறங்கியது. அருமையான மழை. விடிந்து பார்த்தால் மண், பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கொத்து வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் விருந்தாளி வருகிற நாளில் வயலுக்குப் போனால் ஊருக்கு அவமானம் என்று தலைவர் சொல்லிவிட்டார். என்றாலும் வீட்டுக்கு ஒருத்தர் நழுவத்தான் செய்தார்கள். கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததால் முழுக் குடும்பமாக யாரும் நழுவவில்லை. சியாக்காவுக்கு அந்த வழியும் இல்லை. கருக்கலிலேயே உமாரு வந்து அவனைக் குளிக்கவைத்து, மார்பில் பட்டை கட்டி, மேடையில் உட்காரவைத்துவிட்டார். விதைக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு சனாபா பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விழா முடிந்ததும் நேராக வயலுக்கு ஓடுவதாக ஏற்பாடு.

டைரக்டர் வெயில் ஏறிய பிறகு வந்தார். வெள்ளை அங்கி, பளபளக்கும் காலணி. ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியதும் குரல் இளகிவிட்டது.

"அன்பானவங்களே! தொண்டர்கள்தான் எங்க பேரவையோட முதுகெலும்பு. முதுகெலும்புக்கு யாராவது தனியாச் சோறு போடுறாங்களா? போடறதில்ல. வாய்க்குத்தான் போடறோம். அந்த வாயா இருந்து உங்களுக்காகப் பேசற கஷ்டத்த நான் ஏத்துக்கிட்டிருக்கேன். சில பேரு கேக்கறாங்க, தொண்டருக்கு ஏதாவது குடுக்கக் கூடாதான்னு. குடுக்கலாம். ஆனா சியாக்காவுக்கு ஒரு விலை போடறதா? எனக்கு விலை போட்டாங்க, நான் தாங்கிக்கிட்டேன். சியாக்காவுக்கு அந்த அவமானம் வேண்டாம்! போன மாசம் கடல் கடந்து ஒரு மாநாட்டுல இந்தச் சோப்புக் கதையச் சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. ஒரு அம்மா அழுதாங்க. அப்புறம் சாப்பிடப் போனோம்."

பிறகு சியாக்காவை எழுப்பி நிறுத்தி, அவன் இன்றுமுதல் வாழ்நாள் தொண்டன் என்று அறிவித்தார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியை நீட்டினார். சியாக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நான் விதைக்கப் போகணும்."

"கேட்டீங்களா!" என்று டைரக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கூவினார். "விதைக்கணுமாம்! நல்லெண்ணத்த விதைக்கணுமாம்!"

"கம்பு ஐயா. கம்பு விதைக்கணும்."

"எவ்வளவு எளிமையான உவமை பாருங்க!"

கைதட்டல் அடங்கியதும் பேரவை ஏற்பாடு செய்திருந்த பாணர் எழுந்தார். எங்கள் பக்கத்துப் பாணர்கள் ஒரு மனிதனின் குடிப்பெயரைச் சொல்லி அழைத்தால் கல்லுக்கும் மார்பு விரியும். "த்ராவோரே! த்ராவோரே!" என்று அவர் நரம்பை மீட்டியதும் டைரக்டருக்கும் விரிந்துவிட்டது. பேசாமல் பாணருக்கு இரண்டு நோட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் எழுந்தார்.

"பதவியிலதான் நான் டைரக்டர். ரத்தத்துல நான் த்ராவோரே! உங்க வீட்டுப் பிள்ளை!"

பெண்கள் வரிசையில் சலசலப்பு உண்டாயிற்று. சனாபா பிறந்தது ஜாரா குடியில். த்ராவோரேயும் ஜாராவும் கேலி முறை. பிறந்த குழந்தைமுதல் பல் போன கிழவர்வரை ஒருவரையொருவர் 'பயறு தின்னி', 'அடிமை' என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லக் கேட்டவன் கோபப்படக் கூடாது. பட்டால் அவன் அப்பன் பெயரே சந்தேகத்துக்குள்ளாகும். சனாபா குடுவையோடு எழுந்தாள்.

"த்ராவோரேயா? அடடா, இவ்வளவு நேரமும் யாரோ பெரிய மனுஷன் பேசறான்னுல்ல கேட்டுக்கிட்டிருந்தேன்! தட்டப்பயறு தின்னியா பேசுச்சு?"

கூட்டம் சிரிப்பில் வெடித்தது. டைரக்டரின் முகம் ஒரு கணம் தலைநகரில் இருந்தது, மறுகணம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. "ஜாராவா? அதான் ஓரமா ஒரு பயறு நெடி அடிச்சுது! எங்க பாட்டன் தோட்டத்துல திருடித் தின்ன பயறு இன்னும் செரிக்கலையா உங்க குடும்பத்துக்கு?"

"அந்தத் தோட்டத்துல எங்களுக்குப் பயறு பறிச்சுக் குடுத்ததே உங்க பாட்டன்தான்டா. எங்க வீட்டு அடிமை! நீயும் அடிமைதான். எஜமானி வயலு ஈரமாக் கெடக்கு, அடிமைக்கு மேடையில என்னடா வேலை? எறங்கு! வந்து விதை!"

பாணர் நரம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். டைரக்டர் இறங்கினாலும் பாடுவார், இறங்காவிட்டாலும் பாடுவார், பாட்டுத்தான் வேறு. டைரக்டர் உமாருவைப் பார்த்தார். உமாரு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அதில் இப்படி ஒன்று இல்லை. புகைப்படக்காரர் மட்டும் ஏற்கெனவே வயல் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தார்.

டைரக்டர் இறங்கினார். அவர் இறங்கியதால் அவருடைய அதிகாரிகள் அத்தனை பேரும் இறங்கினார்கள். பாணர் முன்னால் பாடிக்கொண்டு போக, ஊரே பின்னால் போயிற்று. சியாக்காவின் வயல் ஊரை ஒட்டியதுதான். அத்தனை பெரிய மனிதர்கள் ஒரே வரிசையில் குனிந்தால் பொழுது சாய்வதற்குள் முழு வயலும் முடிந்துவிடும். நானும் என் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

உமாரு கையை விரித்து என்னை நிறுத்தினார். "நீ எடுக்காத. ஊர்க்காரங்க யாரும் கொத்து எடுக்க வேண்டாம். படத்துல யாரு தொண்டர், யாரு பயனாளின்னு குழப்பமாயிடும்."

"அப்போ சியாக்கா?"

"அவருதான் தொண்டராச்சே. குடை பிடிப்பாரு."

வாழ்நாள் தொண்டன் மார்பில் பட்டையோடு தன் சொந்த வயலில் டைரக்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். சனாபா குடுவையிலிருந்த விதையைக் பிடி பிடியாகப் பிரித்துக் கொடுத்தாள். தனக்கென்று ஒரு பிடி வைத்துக்கொண்டு வயலின் ஒரு மூலையில் குனிந்தாள். அவள் மட்டும் தொண்டர் ஆகும் அபாயத்துக்கு அஞ்சவில்லை.

கம்பு விதைப்பது பெரிய வித்தையில்லை. கொத்தால் ஒரு குழி, அதில் நாலு விதை, காலால் மண்ணைத் தள்ளி ஒரு மிதி. டைரக்டர் குழியும் போட்டார், விதையும் போட்டார். மண்ணைத் தள்ளவில்லை. பளபளக்கும் காலணி அது. அவர் தள்ளாததால் பின்னால் வந்த அதிகாரிகளும் தள்ளவில்லை. டைரக்டர் செய்யாததைச் செய்வது அவரைத் திருத்துவது போலாகும்.

சனாபா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "மூடு! காலால மண்ண மூடுடா, பயறு தின்னி!"

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா எஜமானியம்மா அதிகாரத்த!"

"வெளையாட்டு இல்லடா! நெசமாத்தான் சொல்றேன்! மூடலேன்னா ஒண்ணும் மொளைக்காது! அவ்வளவுதான் விதை எங்ககிட்ட!"

"ஜாரா என்னைக்குடீ நெசம் பேசியிருக்கா?" அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஊரும் சிரித்தது. சனாபா கையை நீட்டி, தொண்டை கிழிய, குழந்தைகளின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு ஏறிற்று. கேலி முறைக்காரியின் வாயிலிருந்து வருகிற எதற்கும் கோபப்படக் கூடாது என்றுதான் எங்கள் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அவள் எப்போதாவது உண்மையைச் சொன்னால் என்ன செய்வது என்று சொல்லிவைக்கவில்லை. சியாக்கா குடைக்கு அடியிலிருந்து, "ஐயா, அவ சொல்றது..." என்று தொடங்கினான். "குடை சாயுது" என்றார் உமாரு.

விதை தீர்ந்தது. டைரக்டர் அங்கியை உதறிக்கொண்டு, தன் வாழ்நாளில் இப்படியொரு தொண்டு செய்ததில்லை என்று சொன்னார். அது உண்மை. 'வயலும் தொண்டும்' என்று ஒரு புதிய திட்டத்தை அங்கேயே அறிவித்து, அதை ஊர் ஊராக எடுத்துச்சொல்ல வாழ்நாள் தொண்டனைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பனியன் பிறகு வரும் என்றார்கள்.

சியாக்கா திரும்பியபோது எங்கள் வயல்களில் கம்பு கணுக்கால் உயரம் நின்றது. அவன் வயலில் சனாபா விதைத்த மூலை மட்டும் பச்சை. மற்ற இடத்தில் நானும் அவனும் மண்டியிட்டுக் குழி குழியாகக் கிளறிப் பார்த்தோம். அழுகிய விதைகூட ஒன்று அகப்படவில்லை. என் வீட்டிலிருந்து கொஞ்சம் விதை கொடுத்தேன். அதற்குள் ஈரம் போய்விட்டது.

அறுவடை முடிந்ததும் ஸூமானா கழுதை வண்டியோடு வந்தான். காலிக் குதிருக்குள் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. "கோவிச்சுக்காத மச்சான்" என்றான். சியாக்கா கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளை அவனே தூக்கி வண்டியில் உட்காரவைத்தான். சனாபா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நேரத்துக்குக் கை கழுவு" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல மணிச் சத்தம் தெருவில் போயிற்று.

கொஞ்ச நாளில் பேரவையின் ஆண்டு மலர் ஒன்று தலைவர் வீட்டுக்கு வந்தது. அட்டையில் டைரக்டர் குனிந்து விதைக்கிறார். பக்கத்தில் சியாக்கா குடையோடு நிற்கிறான். சுற்றிலும் நாங்கள் எல்லோரும் டைரக்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவருக்குப் பின்னால், அவர் போட்ட குழி வரிசையிலேயே, தலைவர் வீட்டுக் கினிக்கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வருகின்றன. படத்தின் கீழே 'பயனாளிகளுடன் டைரக்டர்' என்று அச்சிட்டிருக்கிறது.